தில்லிக் குளிரும் ஒரு மப்ளரும்

தில்லிக்கு வந்து குடியேறும் நம்மவருக்கு முதற் கோடை ஒரு சோதனை என்றால், முதற் குளிர்காலம் அதனினும் பெரிய சோதனை. கோடையை நாம் ஊரிலேயே ஒருவாறு பழகி வந்திருக்கிறோம். குளிரோ அத்தகையதன்று. மார்கழி விடியலில் குளத்துப் படியில் கால் வைக்கும்போது உடல் சிலிர்க்குமே, அதையே குளிர் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். இங்கோ சுவரும் தரையும், குடிக்கும் நீரும், உடுக்கும் வேட்டியும் குளிர்ந்து கிடக்கும். இளவயதினர் ஓரிரண்டு ஆண்டுகளில் பழகிக்கொள்கிறார்கள். எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரை ஊரிலிருந்து அழைத்து வந்து இந்தக் குளிரில் இருத்துவது எவ்வளவு பொறுப்பான காரியம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

நாங்கள் இருவரும் ஓரகத்திகள். கீழ்த்தளத்தில் ஒருவரும் மேல்தளத்தில் ஒருவருமாகத் தில்லியில் குடியிருக்கிறோம். இக்கட்டுரையை மூத்தவள் எழுதினாளா இளையவள் எழுதினாளா என்ற ஆராய்ச்சி வாசகர்களுக்கு வேண்டாம். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதியது; பிறகு இவர் சொன்னதை அவர் அடித்துத் திருத்தியது.

எங்கள் மாமனார் கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2021 இல் மாமியார் காலமானபின் அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியாகவே இருந்துவந்தார். பிள்ளைகள் இருவரும் அழைத்து அழைத்து அலுத்தபின், 2022 தீபாவளிக்குத் தில்லி வந்தார். “ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கிறேன். ஒத்துக்கொண்டால் இருப்பேன், இல்லையென்றால் தடுக்கக் கூடாது” என்பது அவர் விதித்த நிபந்தனை. ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நவம்பர் நடுவிலேயே இருமல் தொடங்கிவிட்டது. மருத்துவர் பரிசோதித்துப் பார்த்து, நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை, கழுத்தையும் மார்பையும் கதகதப்பாக வைத்துக்கொண்டால் போதும் என்றார்.

சொல்வதற்கு எளிது. கடையில் வாங்கிய ஸ்வெட்டர் அரிக்கிறது என்று மாமா கழற்றி வைத்தார். செயற்கை இழை மப்ளர் ஒன்று வாங்கினோம். கழுத்து வேர்க்கிறது, பிறகு வேர்வையே குளிர்கிறது என்று அதையும் மடித்து வைத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த காசித்துண்டு ஒன்றுதான் அவருக்குச் சம்மதம். அந்தத் துண்டோ தில்லிக் குளிரின்முன் பாவம், என்ன செய்யும்? டிசம்பர் பிறக்குமுன்பே, ஜனவரி 20 ஆம் தேதிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தமக்கு ஓர் இடம் பதிவு செய்துவிடும்படி மூத்த மகனிடம் சொல்லிவிட்டார். பதிவும் ஆயிற்று. அங்கே அவரை வரவேற்க ஆளில்லாத வீடும், வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பெருக்கிப் போகும் ஒரு வேலைக்காரியும்தான்.

இதற்கிடையே ஒரு சிறு நிகழ்ச்சி. ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் நாத்தனார் மகள் தாத்தாவைப் பார்க்க நவம்பர் இறுதியில் நான்கு நாள் வந்திருந்தாள். அவள் கழுத்தில் தடித்த, ஆனால் கையில் எடுத்தால் பஞ்சு போல் இலேசான ஒரு மப்ளர். மாலையில் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்தபோது தாத்தாவின் கழுத்தில் அதைச் சுற்றிவிட்டாள். அவரும் மறுக்காமல் இரவு உணவு வரை அதைக் கழற்றாமல் இருந்தார். தில்லியில் கம்பளி என்ற பெயருடைய ஒன்றை அவர் கழற்றாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தாத்தா” என்று அவள் எவ்வளவோ சொன்னாள். “நீ போகிற ஊரில் இதைவிடக் குளிர். குழந்தையின் போர்வையை நான் பிடுங்கிக்கொள்வதா?” என்று மடித்துத் திருப்பித் தந்துவிட்டார். அவள் புறப்படும்போது பின்னும் முறை அச்சிட்ட ஒற்றைத் தாள் ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, “மாமி, இது கஷ்டமில்லை” என்றாள். இருபது வயதுக்காரர்களின் ‘கஷ்டமில்லை’ என்ற சொல்லை நம்பி எத்தனையோ பேர் எத்தனையோ காரியங்களில் இறங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பின்னலுக்கு ஆங்கிலத்தில் பிரியோஷ் என்று பெயர். பிரியோஷ் என்பது பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் சுடும் ஒரு மெத்தென்ற ரொட்டி. இதை மாமாவிடம் சொன்னபோது, “முட்டை ரொட்டியையா என் கழுத்தில் கட்டப் போகிறீர்கள்?” என்று கேட்டார். ரொட்டிக்கும் நூலுக்கும் சம்பந்தம் இல்லாமலில்லை. 1843 இல் இலண்டனில் மிஸ் லாம்பர்ட் என்ற அம்மையார் பின்னல் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். (நூலைப் பற்றி நூல் என்று எழுத நம் மொழியில்தான் முடியும்.) அதில் அந்த ரொட்டியின் வடிவத்தில் ஒரு திண்டு பின்னும் முறை கூறப்பட்டிருக்கிறது. திண்டின் பெயரே பின்னலுக்கும் நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் இப்படிப் பிரெஞ்சுப் பெயர் சொல்லி அழைக்க, பிரெஞ்சுக்காரர்களோ இதே வகைப் பின்னலை ‘ஆங்கில வரிப் பின்னல்’ என்கிறார்கள். ஜெர்மானியர் இந்த வம்பில் எல்லாம் தலையிடாமல் ‘பட்டெண்ட்’ என்று முடித்துவிட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் பின்னல் கலையில் இருந்த பயிற்சியைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. எங்களில் மூத்தவர் பள்ளியில் ஒரு குல்லாய் பின்னத் தொடங்கி, அதைக் காதுவரை கொண்டுவந்து நிறுத்தியவர். இளையவர் பூக்கட்டுவதில் கெட்டிக்காரி. ஊசியைக் கையால் தொட்டதில்லை. ஆயினும் பக்கத்து வீட்டில் பீஜி இருந்தார். பஞ்சாபிக் குடும்பங்களில் மூத்த அம்மையாரைப் பீஜி என்று அழைப்பது வழக்கம். 1947 இல் கைக்குழந்தையாக இராவல்பிண்டியிலிருந்து தாயின் இடுப்பில் வந்தவர் அவர். 1962 இல் சீனப் போர் மூண்டபோது, பள்ளி மாணவியாக இருந்த அவரும் அவருடைய தோழியரும் எல்லையில் நின்ற ஜவான்களுக்காகக் காலுறையும் ஸ்வெட்டரும் பின்னி அனுப்பியதை இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அந்த நாளில் இந்நாடு முழுவதும் பெண்கள் அவ்வாறு பின்னினார்கள். தில்லியில் வெகுகாலம் வாழ்ந்த நம்மவர்களுக்கு மற்றொரு காட்சியும் நினைவிருக்கும்: குளிர்கால நண்பகல்களில் அரசாங்க அலுவலகப் புல்வெளிகளில், வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் கையையும் நிறுத்தாமல் பின்னிக்கொண்டிருந்த பெண்கள். இன்று அந்தக் காட்சி அரிதாகிவிட்டது.

பீஜியின் விரல்கள் இப்போது மூட்டுவாதத்தால் கோணிவிட்டன. ஊசியைப் பிடிக்க இயலாது. ஆனால் வாய் நன்றாக இருக்கிறது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் நூல் வாங்கும் படலம். கரோல்பாக்கில் ஒரு கடைக்குப் பீஜியை ரிக்‌ஷாவில் அழைத்துச் சென்றோம். கடைக்காரர் எடுத்துப் போட்ட உருண்டைகள் எல்லாவற்றையும் ‘ஊல்’ என்றே சொன்னார். பீஜி ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கைக் கிள்ளி, கடை வாசலில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார். உண்மையான கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் தேய்த்தால் சாம்பலாய் உதிரும். செயற்கை இழை உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். மாமாவை வேர்க்க வைத்த மப்ளர் எந்த இனம் என்பது அப்போது விளங்கிற்று. அரிப்பதும் அரிக்காததும் ஆட்டு மயிரின் பருமனைப் பொறுத்தது. நம் நாட்டில் இராஜஸ்தானத்துக் கம்பளி முரடு. அது விரிப்புகளுக்கும் கம்பளங்களுக்கும் உரியது. மெரினோ என்னும் ஆட்டின் மயிர் மிக மெல்லியது. கழுத்தில் பட்டாலும் உறுத்தாது. விலை கூடத்தான். காபிக் கொட்டை நிறத்தில் 50 கிராம் உருண்டைகள் நான்கு வாங்கினோம். ஐந்தாக வாங்கியிருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறோம்.

ஊசி வாங்கும்போது ஒரு மகிழ்ச்சி காத்திருந்தது. கடைக்காரர் கொடுத்த ‘போனி’ என்னும் பெயருடைய அலுமினிய ஊசிகளின் உறையைத் திருப்பிப் பார்த்தால், நீலகிரி முகவரி! கேத்தியை அடுத்த எல்லநல்லியில் 1949 முதல் நடந்துவரும் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அவை. தில்லிக் குளிருக்கு ஆயுதம் தேடி வந்த இடத்தில் உதகைப் பக்கத்துச் சரக்கு கிடைத்ததில் இளையவருக்கு ஏற்பட்ட பெருமிதம் சொல்லி முடியாது. ஊசிகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதைப் புதியவர்கள் மறவாதிருக்க வேண்டும். எங்களுடையது 8 ஆம் எண். அதாவது 4 மில்லிமீட்டர் பருமன். பிரியோஷ் பின்னல் தானாகவே அகன்று நெகிழும் இயல்புடையது. ஆகையால் அதே நூலுக்கு வழக்கமாக எடுக்கும் ஊசியைவிட ஓரிரு அளவு மெல்லியதை எடுக்க வேண்டும்.

இனி முறையைக் கூறுவோம். சாதாரணப் பின்னலில் ஒவ்வொரு வரிசையிலும் ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளையும் பின்னுகிறோம். பிரியோஷில் அப்படியன்று. ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு நகர்த்தி, அதன்மேல் நூலை ஒரு சுற்றாகப் படியவிடுவது. அடுத்த கண்ணியைப் பின்னுவது. இவ்வாறே மாற்றி மாற்றி வரிசை முடியும்வரை. திரும்பி வரும்போது, சுற்று நூல் படிந்த கண்ணியை அந்தச் சுற்றோடு சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். சென்ற தடவை பின்னிய கண்ணியை இப்போது நகர்த்தி, அதன்மேல் நூலைப் படியவிட வேண்டும். இரட்டைப்படை எண்ணிக்கையில் கண்ணிகள் ஏற்றிக்கொண்டால், தொடக்க வரிசைக்குப்பின் எல்லா வரிசைகளும் ஒன்றுபோலவே வரும். இவ்வளவுதான். தாளில் மூன்று வரிகளில் அடங்கிவிட்டது.

முதல் முயற்சியில் 40 கண்ணிகள் ஏற்றினோம். ஒரு வாரம் பின்னியபின் கையில் இருந்தது, அரைஞாண் கயிற்றுக்குச் சற்று அகலமான, விறைத்த ஒரு பட்டை. பீஜி அதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கண்ணியை நகர்த்துமுன் நூலை முன்பக்கம் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் அடுத்த கண்ணியைப் பின்ன நூலைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது அது ஊசியின்மேல் ஏறிச் சுற்றாகப் படியும். நாங்கள் நூலைப் பின்புறமே விட்டிருந்தோம். சுற்று விழவே இல்லை. பிரியோஷில் சுற்று இல்லையென்றால் மாவில்லாத இட்லிதான்.

இரண்டாம் முயற்சியில் சுற்றுகள் விழுந்தன. ஆனால் மூத்தவர் எண்ணிப் பார்த்தபோது ஊசியில் 60 இழைகள் இருந்தன! ஏற்றியது 40, இருப்பது 60. எங்கோ தவறி விட்டோம் என்று அஞ்சி, கூடியவற்றைக் குறைக்க முயன்று, பிறகு குறைந்தவற்றைக் கூட்டி, இடையே சுற்று நூலையும் கண்ணியையும் தனித்தனியே பின்னி, கடைசியில் அது பனையோலை விசிறிபோல் ஒரு பக்கமாக விரிந்துகொண்டே போயிற்று.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். படிப்பதுபோல் இருந்தார் என்பதே சரி.

“அறுபது சரிதானே, அம்மா” என்றார்.

நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

“நாற்பதில் பாதி இருபது. அந்த இருபதுக்கும் மேலே ஒரு நூல் சுற்றியிருக்கிறது என்கிறீர்கள். நாற்பதும் இருபதும் அறுபது. அறுபது இருந்தால்தான் சரி. அதைப் போய் ஏன் குறைத்தீர்கள்?”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகே வந்தார். ஊசியைக் கையில் வாங்கவில்லை. கண்ணாடியை மட்டும் மூக்கில் இறக்கிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். பிறகு அவர் சொன்ன விளக்கத்தைப்போல் அந்தத் தாளிலும் இல்லை, பீஜியின் வாயிலிருந்தும் வரவில்லை. “இங்கே இரண்டு ஜாதி ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். தோளில் துண்டு போட்டவன் ஒருவன், துண்டு போடாதவன் ஒருவன். துண்டு போட்டவனைத் துண்டோடு சேர்த்துப் பின்னு. துண்டு போடாதவனைப் பின்னாதே. துண்டு போட்டு அப்பால் அனுப்பு. அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவேதான். இதைப் படிக்கும் சகோதரிகள் யாரேனும் பிரியோஷ் பழக விரும்பினால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வரிசையின் நடுவே எழுந்து போய்த் திரும்பி வந்தாலும், அடுத்து நிற்பவனின் தோளைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் முறையாக 40 கண்ணிகள் ஏற்றினோம். இம்முறை இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் பிடித்து அவற்றின்மேல் ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிட்டோம். ஓரம் இறுகாமல் இருக்கப் பீஜி சொன்ன யுக்தி அது. அவர் தம் இளமையில் சுற்று நூல் இல்லாமலே இதே துணியைப் பின்னுவாராம். ஒன்றுவிட்டு ஒரு கண்ணியில், அந்தக் கண்ணிக்குள் ஊசியைச் செலுத்தாமல் அதற்குக் கீழ் வரிசைக் கண்ணிக்குள் செலுத்திப் பின்னினால், மேல் கண்ணி தானே அவிழ்ந்து சுற்று நூலாகப் படிந்துவிடும். இரண்டு வழியிலும் கிடைக்கும் துணி ஒன்றுதான். கும்பகோணத்துக்கு மாயவரம் வழியாகவும் போகலாம், தஞ்சாவூர் வழியாகவும் போகலாம் என்று மாமா இதற்கு உரை கூறினார்.

அன்று மாலை மாமா நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். பின்னலின் வரிசை எண்ணும் கணக்கு அவர் பொறுப்பாயிற்று. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் பாதிக் கண்ணிகளே பின்னப்படுவதால், இரண்டு வரிசை பின்னினால்தான் துணியின் முகத்தில் ஒரு வரிசை தெரியும். இருபது வரிசை பின்னிக் களைத்துப் போய்ப் பார்த்தால் பத்துதான் வளர்ந்திருக்கும். ஒருவகையில் இது மனத்தைத் தளர்த்தும் பின்னல். ஆனால் அந்த இரட்டிப்பில்தான் அதன் சிறப்பும் இருக்கிறது. இரு முகத்திலும் வரி வரியாக மேடு எழும்பி நிற்கும். உட்புறம் வெளிப்புறம் என்ற பேதம் கிடையாது. வரிகளுக்கிடையே காற்று தங்குகிறது. உடலின் சூட்டை வெளியே விடாமல் காப்பது அந்தக் காற்றுதான். ஆகவே எடை குறைவு, கதகதப்பு மிகுதி. அகலவாட்டில் இழுத்தால் நன்றாக நீண்டுகொடுத்து, விட்டவுடன் சுருங்கும், கழுத்தை இறுக்காது. நூல் மட்டும் சாதாரணப் பின்னலைவிட அதிகமாகத் தின்னும்.

நாளொன்றுக்குப் பன்னிரண்டு வரிசை என்பது சராசரி. காலையில் சமையல் முடிந்தபின் மூத்தவர், பிற்பகலில் இளையவர், இரவில் யாருக்குக் கண் விழித்திருக்கிறதோ அவர். இருவர் கை பட்டதால் ஓரிடம் இறுக்கமும் ஓரிடம் தளர்ச்சியுமாக இருப்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். எது யாருடையது என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு.

ஜனவரி பிறந்ததும் குளிர் கடுமையாயிற்று. 2023 ஜனவரி 8 ஆம் தேதி காலை சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பநிலை 1.9 டிகிரிக்கு இறங்கிவிட்டது. சன்னலுக்கு வெளியே மூடுபனியில் எதிர்வீடு தெரியவில்லை. மாமா அன்று எழுந்திருக்கும்போதே இருமினார். இரண்டு ரஜாய்களின்கீழ் உட்கார்ந்திருந்தவர், “அது எத்தனை ஆயிற்று?” என்று கேட்டார். எத்தனை என்று அவருக்கே தெரியும். முதல் நாள் இரவு 256 என்று நோட்டில் எழுதியவர் அவர்தான். “முடிந்தவரைக்கும் கொடுங்கள்” என்றார். ஊசி முனையில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, பாதி மப்ளரைக் கொண்டுபோய்க் கழுத்திலிருந்து மார்பின்மேல் விரித்துவிட்டோம். ஒரு பக்கம் ஊசி தொங்க, மறுபக்கம் நூல் உருண்டை மடியில் கிடக்க, பகல் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அரிக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் ஊசியை எடுக்கும்போது விபத்து நேர்ந்தது. ரப்பர் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவி ஓடிக்கொண்டிருந்தன. சாதாரணப் பின்னலில் நழுவிய கண்ணியை ஏணிப்படிபோல் ஏறி மீட்டுவிடலாம். பிரியோஷில் கண்ணி எது, துண்டு எது என்றே அடையாளம் தெரியாமல் இரண்டும் கலந்துவிடும். இளையவர் அழுதே விட்டார். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. “நான் கேட்டிருக்கக் கூடாது” என்று மெதுவாகச் சொல்லி, நோட்டை மூடி வைத்தார்.

ஓடிவந்த பீஜி எங்களைக் கடிந்துகொண்டார். அவர் சொல்லி, இருபது வரிசைக்கு ஒருமுறை வெள்ளைத் தையல் நூல் ஒன்றை மொட்டை ஊசியால் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும், சுற்று நூலும் சேர்த்து, கோத்து வைத்திருந்தோம். எங்களுக்கு அந்தப் பதற்றத்தில் அது மறந்தே போயிற்று. “பேட்டி, கயிறு கட்டியிருக்கும்போது கிணற்றில் விழுந்த குடத்துக்கு யாராவது அழுவார்களா?” என்றார். மிச்ச ஊசியையும் உருவிவிட்டு அஞ்சாமல் பிரிக்கச் சொன்னார். நூல் சரசரவென்று பிரிந்து வந்து, வெள்ளை நூல் இருந்த இடத்தில் நின்றுவிட்டது. 240 ஆம் வரிசை. கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினோம். நாற்பது கண்ணி, இருபது துண்டு. போனது பதினாறு வரிசை. மாமா நோட்டை மறுபடி திறந்து, 256 ஐ அடித்துவிட்டு 240 என்று எழுதினார்.

மறுநாள் காலையுணவின்போது மூத்த மகனிடம், “அந்த இருபதாம் தேதி டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இது முடியாது போலிருக்கிறது. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியுமா?” என்றார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்த பார்வையில், வாயில் இருந்த இட்லியோடு அதையும் விழுங்கிவிட்டார்.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் நான்கு உருண்டையும் தீர்ந்துவிட்டது. ஐந்தாவதற்குக் கடைக்குப் போனால் அதே நிறம், ஆனால் வேறு சாயத்தொட்டி. வேறு வேறு தடவை தோய்த்த நூலில் எப்போதும் ஒரு நூலளவு நிறம் மாறும். ஆகவே வாங்கும்போதே உறையில் அச்சிட்டிருக்கும் சாய எண்ணைப் பார்த்து, தேவைக்கு ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்கிவிட வேண்டும். எங்கள் மப்ளரின் கடைசிச் சாண், காபியில் இன்னும் ஒரு கரண்டி டிகாக்‌ஷன் சேர்த்த நிறமாக இருக்கிறது.

ஐந்நூறு வரிசை ஆனதும் போதும் முடித்துவிடலாம் என்றோம். மாமா ஒப்பவில்லை. “512 இல் முடியுங்கள். இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 512. நடுவில் மடித்தால் 256, மறுபடி மடித்தால் 128; ஒன்று வரும்வரை மடித்துக்கொண்டே போனாலும் மிச்சம் விழாது” என்றார். துணியை அப்படி ஒன்பது முறை மடிக்க யாராலும் முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஜனவரி 29 ஆம் தேதி ஞாயிறு மாலை 512 ஆம் வரிசையைப் பீஜியின் முன்னிலையில் பின்னி, ஓரத்தைத் தளர்வாக அடைத்து முடித்தோம். நீளம் 140 சென்டிமீட்டர், அகலம் ஒரு சாண். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கட்டிலில் படுக்கப் போட்டு உலர்த்தினோம். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தால் நீண்டு முழங்காலைத் தொடும்.

அதற்குள் குளிரின் உச்சம் கழிந்துவிட்டிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மேலும் மூன்று வாரம்தான் மாமா அதை அணிந்தார். ஹோலி கழிந்து மார்ச் நடுவில் ஊருக்குப் புறப்பட்டபோது, வாழைக்காய் நாற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், வீட்டு ஓடு மாற்ற வேண்டும் என்று காரணங்கள் சொன்னார். திரும்பி வருவதாகவோ வராததாகவோ ஒன்றும் சொல்லவில்லை. மப்ளரை நாங்கள் பெட்டியில் வைக்கவில்லை. அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12 ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் உலர்ந்த வேப்பிலை நாற்றம். பூச்சி அரிக்காமல் இருக்க வேட்டித் துணியில் வேப்பிலையோடு சுற்றி, எட்டு மாதம் அந்த மப்ளரைக் காத்து வைத்திருந்தார். அதன்கீழ் அந்த நோட்டும் இருந்தது. பீஜி வந்து விசாரித்துப் போனபின் எங்களிடம், “அந்த அம்மாளின் கழுத்தில் இருப்பது சரியில்லை. நல்ல கம்பளியாகப் பாருங்கள், ஐந்து உருண்டையாக வாங்குங்கள். அவர் என்னைவிட உயரம் குறைவு, 448 போதும்” என்றார்.